காதும் பாகையும்: கொங்கு மண்ணில் மாக்னெட்டோ மரபு

திருப்பூரிலிருந்து பல்லடம் வழியாகக் கோவை போகும் பஸ்ஸில், சூலூர் பக்கம் வந்ததும் தேஜஸ் போர் விமானங்களின் இரைச்சலில் பேச்சு நின்றுபோகும். ஜெட்டுக்கு, பிஸ்டன் என்ஜினில் பொறி கொடுக்கும் மாக்னெட்டோ தேவையில்லை. ஆனால் இது அந்தப் பிஸ்டன் என்ஜின் விமானங்களையும் நன்றாகப் பார்த்த வட்டாரம். 1942-இல் பீளமேட்டில் பிரிட்டிஷ் கடற்படை எச்.எம்.எஸ். கருடா என்ற விமானப் பழுதுபார்ப்புத் தளத்தைத் தொடங்கியது. போரின் கடைசி ஆண்டில் சூலூரில் எச்.எம்.எஸ். வைரி வந்தது. இப்போது கோவாவில் இருக்கும் ஐ.என்.எஸ். ஹன்சா 1961-இல் பிறந்ததும் சூலூரில்தான். விமானப்படையின் 5-ஆவது பழுதுபார்ப்புப் பணிமனை இன்றும் அங்கே இருக்கிறது.

அதற்கும் முந்தைய பள்ளி ஒன்று உண்டு. சூலூரை அடுத்த கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு, இளவயதில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகக் கழற்றி மாட்டித் தொழில் கற்றவர். திருப்பூரில் பருத்தி அரைவை ஆலை வைத்துப் பார்த்தார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் பொறி கொடுத்தது மாக்னெட்டோதான். பேட்டரி வேண்டாம், காந்தம் சுழன்றால் போதும். 1902-இல் பாஷ் நிறுவனத்தில் கோட்லோப் ஹோனால்ட் உருவாக்கிய உயர் மின்னழுத்த மாக்னெட்டோ உலகம் முழுக்கப் பரவியிருந்தது. பஸ் பட்டறைக்காரர்கள் அதைக் காதால் கற்றார்கள். ஏற்றத்தில் என்ஜின் 'தட்டினால்' பொறியின் அட்வான்ஸைக் குறை. இழுவை இல்லையென்றால் கூட்டு. இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். கையோடு வந்த காது அது. ஆனால் விமானத்தில் அது செல்லாது.

செல்லாததற்குக் காரணம் எளியது. விமான என்ஜினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக். ஒவ்வொரு பிளக் வரிசைக்கும் தனியாக ஒன்று என இரண்டு மாக்னெட்டோ. ஒன்று போனால் மற்றது காப்பாற்றும், இரண்டும் சேர்ந்தால் எரிப்பும் நன்றாக இருக்கும். இதே ஏற்பாடுதான் கோளாறையும் மறைக்கிறது. ஒரு மாக்னெட்டோ சில பாகை பின்தங்கினாலும் மற்றது சுமையைத் தாங்கிக்கொள்ளும். காதுக்கு எதுவும் தெரியாது.

விமானப் பட்டறைகளில் பிரிட்டிஷ் வழி, அமெரிக்க வழி என்று இரண்டு மரபுகள். 1914-இல் போர் மூண்டபோது ஜெர்மன் மாக்னெட்டோ வரத்து நின்றுபோய், பிரிட்டன் தானே செய்து பழக வேண்டியதாயிற்று, மாக்னெட்டோவில் பி.டி.எச். போன்ற நிறுவனப் பெயர்கள் அப்படி எழுந்தவை. டைகர் மாத் விமானத்தின் ஜிப்சி மேஜர் என்ஜினில் இருப்பது அந்த வழி. 1951-இல் பறந்த நம் எச்.ஏ.எல். எச்.டி.-2 பயிற்சி விமானமும் முதலில் ஜிப்சியில்தான் பறந்தது, பிறகு சிர்ரஸ் மேஜர் மாட்டினார்கள். 1958-இல் வந்த புஷ்பக் விமானம் அமெரிக்க வழி. அதில் கான்டினென்டல் சி-90 என்ஜின்.

பிரிட்டிஷ் வழியின் அழகு சிம்ஸ் வெர்னியர் இணைப்பில் இருக்கிறது. நடுவில் ஒரு ரப்பர் வட்டு. ஒரு பக்கம் 19 பல், மறுபக்கம் 20. ஒரு பக்கம் ஒரு பல் முன்னே, மறுபக்கம் ஒரு பல் பின்னே நகர்த்தினால் மிஞ்சும் வித்தியாசம் ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவு. அமெரிக்க வழியில் மாக்னெட்டோவின் உடலையே நீள்துளையில் லேசாகத் திருப்பி நட்டை முடுக்குவார்கள். வேலை சுலபம்தான், ஆனால் எனக்கு வெர்னியர்தான் பிடிக்கும்.

எந்த வழியானாலும் மாக்னெட்டோவுக்குள்ளே செய்யும் உள் டைமிங் முதலில், அதை என்ஜினோடு பொருத்தும் வெளி டைமிங் அப்புறம். இந்த வரிசையை மாற்றுகிறவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். காந்தம் நடுநிலையைத் தாண்டிச் சில பாகை போன இடத்தில்தான் முதன்மைச் சுருளில் மின்னோட்டம் உச்சத்தில் நிற்கும். அந்த மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பாயிண்ட் திறக்க வேண்டியது அங்கே. முன்னே பின்னே திறந்தால் பொறி சோனியாகிவிடும். அப்புறம் என்ஜினில் எவ்வளவு துல்லியமாகப் பொருத்தினாலும் பயனில்லை. துணி பின்னும் ரிப் மிஷினில் டயலுக்கும் சிலிண்டருக்கும் டைமிங் ஒத்துவராமல் கண்ணி நீளத்தை மட்டும் திருகிக்கொண்டிருப்பது போலத்தான் அது.

பழைய மாக்னெட்டோவைப் பிரிக்கும்போது காந்த முனைகளை ஓர் இரும்புத் துண்டால் இணைத்து வைக்க வேண்டும்; விட்டால் காந்தம் வலுவிழக்கும். பழைய சுருள்களில் பூசிய அரக்கு சூட்டில் இளகும். காலையில் நன்றாக ஓடி, சூடேறியதும் இருமும் என்ஜினில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதையும் கன்டென்சரையும்தான். பாயிண்ட் இடைவெளி பி.டி.எச்.-இல் 12 தௌ, அதாவது 0.3 மில்லிமீட்டர். அதை ஃபீலர் கேஜில் பார்த்தபின் முதல் சிலிண்டரின் பிஸ்டனை அமுக்க வீச்சில் மேலே கொண்டுவந்து, டாப் சென்டருக்கு முன்னால் விதித்த பாகையில் நிறுத்துவார்கள். பாயிண்டுக்கு நடுவில் சிகரெட் தாள் ஒன்று. இரு விரலில் மெல்ல இழுத்துக்கொண்டே திருப்பினால், தாள் வழுக்கி வரும் கணம்தான் பாயிண்ட் திறக்கும் கணம். பிறகு பாயிண்ட் திறப்பதைக் காட்டும் விளக்குப் பெட்டி வந்து அந்த வேலையை வாங்கிக்கொண்டது. ஆனாலும் கை மறக்கவில்லை.

இரண்டு மாக்னெட்டோவையும் ஒரே பாகையில் வைப்பதுதான் ஒழுங்கு என்று நினைக்கலாம். புஷ்பக்கின் சி-90-இல் இரண்டுக்கும் 2 பாகை வித்தியாசம் இருக்க வேண்டும் என்பதே விதி. லைக்கமிங் என்ஜின்கள் பலவற்றில் இரண்டும் 25 பாகை. பட்டறை வழக்கத்தை நம்பாமல் என்ஜின் தகட்டைப் படிக்கச் சொல்வது இதனால்தான்.

கடைசித் தேர்வு தரையில் நடக்கும். என்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு மாக்னெட்டோவாக அணைத்துப் பார்ப்பார்கள். லைக்கமிங் கணக்கில் நிமிடச் சுழற்சி 175 வரை குறையலாம். இரண்டுக்கும் இடையே 50-க்கு மேல் வித்தியாசம் கூடாது. சுத்தமாகக் குறையவே இல்லையென்றால் அனுபவமில்லாதவர் மகிழ்ந்துபோவார். லைசென்ஸ் பெற்ற பொறியாளர் உடனே என்ஜினை நிறுத்துவார். மாக்னெட்டோவை அணைப்பது என்றால் அதன் முதன்மைச் சுருளை எர்த்தில் சேர்ப்பது. அந்தக் கம்பி அறுந்திருந்தால் சுவிட்ச் 'ஆஃப்' என்று காட்டும், மாக்னெட்டோ உயிரோடு இருக்கும். அப்போது சும்மா ஒதுக்கி நிறுத்துவதற்காக ஒருவர் புரொப்பெல்லரைக் கையால் திருப்பினாலே என்ஜின் பற்றிக்கொள்ளலாம்.