முள் இறங்கும் கணம்

ஆட்டோமேட்டிக் கார் நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது, வேகம் குறையாமலே டேக்கோமீட்டர் முள் சற்று இறங்கும். கியர் மாறவில்லை, டார்க் கன்வெர்ட்டருக்குள் லாக்-அப் கிளட்ச் பிடித்துக்கொண்டது.

அதுவரை எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே எண்ணெய்தான் தூது. எஞ்சினோடு சுழலும் இம்பெல்லர் எண்ணெயை வீச, எதிரே டர்பைன் சுழலும். வண்டி புறப்படும்போது நடுவிலுள்ள ஸ்டேட்டர் முறுக்குவிசையைப் பெருக்கித் தரும். ஆனால் சீரான ஓட்டத்திலும் டர்பைன் சில சதவீதம் பின்தங்கும். அந்த நழுவலை ஈடுகட்ட எஞ்சின் கூடுதலாகச் சுழலும். எரிபொருள் வெப்பமாக வீணாகும். லாக்-அப் கிளட்சின் தகடு எஞ்சினையும் டர்பைனையும் நேரடியாகப் பிணைத்து அந்த நழுவலை நிறுத்தும்.

1949இல் பேக்கார்டின் அல்ட்ராமேட்டிக் இந்தக் கிளட்சைப் பயணிகள் காருக்குக் கொண்டுவந்தது. புறப்பட எண்ணெயின் மென்மை, தொலைதூரம் செல்லத் தகட்டின் உறுதி: இரண்டையும் ஒரே கூட்டுக்குள் அடக்கிய அந்தப் பொறியியலை எத்தனை பாராட்டினாலும் தகும்.