தீப்பெட்டி அளவு கைரோவும் ஆடிமாத மேல்காற்றும்

ஆடி பிறந்து இரண்டு வாரம். தாராபுரம் பக்கத்தில், கிளுவை வேலி போட்ட ஒரு கொறங்காட்டில் நிற்கிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வரும் மேல்காற்று வெள்வேல மரங்களை ஒரே பக்கமாய் வளைத்துப் பிடித்திருக்கிறது. தொலைவில் காற்றாலைகள் ஓயாமல் சுற்றுகின்றன. கையிலிருக்கும் காற்றுமானி மணிக்கு 18 கிலோமீட்டர் என்கிறது. வீச்சு வந்தால் 30-ஐத் தொடுகிறது. ரேடியோவில் ஓட்டும் என் விமானத்தின் மொத்த எடை 950 கிராம். காட்டுக்காரர் வேலியோரம் வந்து நின்று, "ஏனுங்க, இந்தக் காத்துல உட்டா தாங்குங்களா?" என்று கேட்டார். "அதைப் பாக்கத்தானுங்க வந்தேன்" என்றேன்.

ஆடியிலும் ஆவணியிலும் விமானங்களைப் பரணில் ஏற்றிவிடுவதுதான் இதுவரை என் வழக்கம். இந்த வருடம் அப்படிச் செய்யாததற்குக் காரணம், தீப்பெட்டி அளவே இருக்கும் ஒரு மூன்று அச்சுக் கைரோ. ஒரே பெட்டி பல ஸ்டிக்கர்களோடு பல பெயர்களில் விற்கப்படுவதால் பெயர் சொல்லிப் பயனில்லை. இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் நடுவில் இதைச் செருக வேண்டும். மாட்டிய விமானம் நானே நுரை அட்டையில் வெட்டி ஒட்டியது: உயர் இறக்கை, 1.2 மீட்டர் அகலம், 3 செல் 2200 எம்ஏஎச் லிப்போ, நான்கு 9 கிராம் சர்வோ. ஐந்து வாரத்தில் 43 முறை பறக்கவிட்ட பிறகு இதை எழுதுகிறேன்.

பெட்டிக்குள் இருப்பது ஒரு சிலிக்கான் சில்லு. அதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு எடை விடாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். விமானம் திரும்பினால் கோரியோலிஸ் விசை அந்த அதிர்வைப் பக்கவாட்டில் இழுக்கும். அந்த விலகலை அளந்து, நொடிக்கு எத்தனை பாகை திரும்புகிறோம் என்று சில்லு சொல்லிவிடும். உடனே எதிர்ப்பக்கம் சர்வோவை அசைக்கிறது கைரோ. கைபேசியைத் திருப்பும்போது அதை உணர்வதும் இதே வகைச் சில்லுதான். கைபேசிகளுக்காகக் கோடிக்கணக்கில் செய்யத் தொடங்கியதால்தான் விலை நம் கைக்கு எட்டியது.

திரும்பும் வேகம் ஒன்றுதான் அதற்குத் தெரியும். காற்றில் எவ்வளவு வேகமாகப் போகிறோம், ஸ்டிக்கைப் பிடித்திருப்பவர் என்ன நினைக்கிறார், இதெல்லாம் அதன் கணக்கிலேயே கிடையாது. செட்டிங்கில் நான் செய்த தவறுகளையும் நண்பர்கள் செய்த தவறுகளையும் எண்ணிப் பார்த்தால், முக்கால்வாசி இதை மறந்ததால் வந்தவை.

யோசனை புதிதல்ல. 1914 ஜூன் 18 அன்று, பாரிஸுக்கு அருகே சேன் ஆற்றின் மேல், லாரன்ஸ் ஸ்பெர்ரி தன் கர்ட்டிஸ் பறக்கும் படகை ஓட்டிக்காட்டினார். உதவியாளர் எமில் காஷென் இறக்கை மீது நடந்து போக, ஸ்பெர்ரி இரு கைகளையும் தூக்கிக் காட்ட, விமானம் சாயாமல் போனது. அதற்குள் சுழன்றவை நிஜமான கைரோ சக்கரங்கள். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே உதவி ஒரு நுரை அட்டை விமானத்துக்குக் கிடைப்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

சரி, செட்டிங்குக்கு வருவோம். பெட்டியைப் பிரிக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது: விமானம் கைரோ இல்லாமலே நேராகப் பறக்க வேண்டும். என் இறக்கையின் முன்பின் நீளம் 20 செ.மீ.; முன்விளிம்பிலிருந்து 5.5 செ.மீ.யில் விரலை வைத்துத் தூக்கினால் மட்டமாக நிற்கிறது. வால் கனத்த விமானத்தின் குறையைக் கைரோ அழகாக மூடிவிடும். கைரோவை அணைத்த நொடியில் விமானம் கையை மீறும். அடுத்தது டிரிம். பறக்கவிட்டு, டிரிம் பார்த்து, இறக்கி, புஷ்ராடைத் திருகி டிரிம்மைச் சுழியத்துக்குக் கொண்டு வாருங்கள். பல கைரோக்கள் மின்சாரம் வந்ததும் ஸ்டிக்கின் நடுநிலையை மனதில் வாங்கிக்கொள்கின்றன. பிறகு தட்டும் ஒவ்வொரு டிரிம்மும் அதற்கு 'திரும்பு' என்ற கட்டளையாகத் தோன்றலாம். ஹார்ன் துளையில் ஆட்டம் இருந்தாலும் சரிசெய்யுங்கள். கைரோ தரும் திருத்தம் நூலிழை அளவுதான். அது அந்த ஆட்டத்திலேயே தொலைந்துபோகும்.

பொருத்தும் இடத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு: கைரோ சரியாக ஈர்ப்பு மையத்தில்தான் இருக்க வேண்டும் என்று. திரும்பும் வேகம் மூக்கிலும் வாலிலும் ஒன்றுதான், ஆகவே இடம் எதுவானாலும் சரி. கோணம்தான் பிசகக்கூடாது. பெட்டி உடலின் நீளவாட்டுக்குக் கொஞ்சம் சாய்ந்து ஒட்டப்பட்டால், உருளும்போது ரட்டரும் சேர்ந்து துள்ளும். இருபக்கமும் ஒட்டும் நுரை டேப்பில் ஒட்டினேன். புரொப்பெல்லரைச் சமன் செய்த பிறகுதான் சர்வோக்களின் ஓயாத முனகல் அடங்கியது.

இனி நான் சொல்வதை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். ஸ்டிக் எந்தப் பக்கம் வேலை செய்கிறது என்பதும், கைரோ எந்தப் பக்கம் திருத்துகிறது என்பதும் இரண்டு தனித்தனி விஷயங்கள். முதலாவது சரியாக இருந்துகொண்டே இரண்டாவது தலைகீழாக இருக்க முடியும். ரேடியோவில் உள்ள ரிவர்ஸ், ஸ்டிக்கை மட்டும்தான் மாற்றும். நடுவில் செருகிய கைரோவின் திசையைப் பெட்டியிலேயேதான் மாற்ற வேண்டும்.

மூன்று வருடம் முன்பு வேறொரு விமானத்தில், எய்லரான் ஸ்டிக்குக்குச் சரியாக அசைகிறது என்பதைப் பார்த்துவிட்டு, கைரோ திசையைப் பார்க்காமல் கையால் எறிந்தேன். கொஞ்சம் இடப்புறம் சாய்ந்தது. கைரோ இன்னும் இடப்புறம் தள்ளியது. இரண்டு வினாடிகூட ஆகவில்லை, தலைகுப்புறத் தரையில் கிடந்தது. இரண்டு மாத ராத்திரிகளில் செய்த இறக்கை அது. தவறு முழுக்க என்னுடையது.

சோதிக்கும் விதம் எளிது. புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, விமானத்தைக் கையில் பிடித்து, பின்னாலிருந்து பாருங்கள். வலது இறக்கையைச் சட்டென்று கீழே சாய்த்தால் வலது எய்லரான் கீழே இறங்க வேண்டும், அந்த இறக்கையைத் தூக்கிவிடுவதற்காக. மூக்கைக் கீழே அமுக்கினால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். மூக்கை இடப்புறம் வெட்டினால் ரட்டர் வலப்புறம் போக வேண்டும். மெதுவாகச் சாய்த்தால் ஒன்றும் தெரியாது. பெட்டிக்கு வேகம்தானே தெரியும்! நான் பேட்டரி மாற்றும்போதெல்லாம் இதைச் செய்கிறேன். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்கிறேன்.

சர்வோ வகையைச் சொல்லும் இடத்தில் டிஜிட்டல் என்று போட்டுவிட வேண்டாம். சாதாரண 9 கிராம் அனலாக் சர்வோவுக்கு நொடிக்கு 50 துடிப்புதான் கணக்கு. டிஜிட்டலுக்கான 333-ஐ அனுப்பினால் சூடேறிக் கருகிவிடும்.

கெயின் என்பது, எவ்வளவு திரும்பினால் எவ்வளவு திருத்துவது என்ற அளவு. இதை ரேடியோவில் ஒரு குமிழுக்குக் கொடுத்துவிட்டேன், மூன்று நிலை ஸ்விட்ச் ஒன்றில் மோடு. நல்ல உயரத்தில், நேராக, முழு த்ராட்டிலில் போகும்போது குமிழை மெல்ல ஏற்றினேன். என் விமானத்தில் முதலில் நடுங்கியது இறக்கைதான். கோழி சிறகை உதறுவதுபோல் படபடவென்று ஓர் ஆட்டம். நடுங்கத் தொடங்கிய அளவிலிருந்து நன்றாகக் கீழே இறக்கி, கடைசியில் எய்லரானுக்கு 35, ரட்டருக்கு 40, எலிவேட்டருக்கு 50 சதவீதத்தில் நிறுத்தினேன். முழு வேகத்தில் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் எய்லரானின் பலம் நான்கு மடங்காகிறது. மெதுவாகப் போகும்போது சுகமாக இருந்த கெயின், மூக்கைக் கவிழ்த்து இறங்கும்போது இறக்கையையே பிய்த்துவிடும்.

பெட்டியில் மூன்று மோடு. சாதாரண ரேட் மோடில், காற்று தள்ளினால் தடுக்கும். தள்ளிய பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவராது. எனக்குப் பிடித்தது இதுதான். இரண்டாவது, நிலையைப் பூட்டி வைக்கும் ஹெடிங் ஹோல்டு. மூக்கு எந்தப் பக்கம் இருந்ததோ அங்கேயே நிறுத்தப் பார்க்கும். சாகசம் பழகுகிறவர்களுக்கு அருமை, தரையிறங்கும்போது ஆபத்து. வேகம் குறையக் குறைய மூக்கு இறங்கப் பார்க்கும். அது இறங்குவதுதான் விமானத்துக்கு நல்லது. வேகம் குறைவதை அறியாத கைரோவோ எலிவேட்டரை மேலே மேலே ஏற்றி மூக்கைத் தூக்கி வைத்திருக்கும், விமானம் மிதப்பை இழந்து ஒரு பக்கமாய்ச் சரியும்வரை. உயரத்தில் ஒருமுறை வேண்டுமென்றே செய்து பார்த்தேன். வெளியே ஒரு அறிகுறியும் தெரியவில்லை. நேராகப் போய்க்கொண்டே இருந்தது, பிறகு விழுந்தது. மூன்றாவது ஆட்டோ லெவல். இதற்குக் கைரோவோடு முடுக்கமானியும் உதவுகிறது. ஸ்டிக்கை விட்டால் தானே மட்டமாகும். புதிதாகப் பழகுகிறவர்கள் இதிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் கை பழகாது. திசை குழம்பும்போது தட்ட ஒரு ஸ்விட்சாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மட்டத்தைப் பதியும்போது மேசைமேல் வைத்தபடி பதியாமல், விமானம் உண்மையில் பறக்கும் அளவுக்கு மூக்கைச் சற்று உயர்த்திப் பதியுங்கள்.

நம் ஊர் வெயிலுக்காக ஒரு குறிப்பு. காருக்குள் வெந்து கிடந்த விமானத்தை எடுத்தவுடன் இயக்காதீர்கள். சில்லின் சுழியம் வெப்பத்தோடு நகரும். களத்தில் நிழலில் பத்து நிமிடம் ஆறவிட்டு, தரையில் வைத்து, பேட்டரியைச் செருகியபின் விளக்கு நிலைக்கும்வரை கை படாமல் விடுங்கள். வீசுகிற காற்றில் இது சிரமம்தான். நான் காட்டுக்காரரின் சாளைச் சுவரோரம் வைத்துச் செருகினேன். மின்சாரமும் முக்கியம். கைரோ வந்தபின் சர்வோக்கள் ஒரு நொடியும் ஓய்வதில்லை. சர்வோக்களுக்கு மின்சாரம் தரும் பிஇசி திணறி, கைரோ நடுவானில் அணைந்து எழுந்தால், அசையாத தரையைத் தேடித்தான் எழும். ஈஎஸ்சியில் இருந்த சிறிய பிஇசியை விட்டுவிட்டு 3 ஆம்பியர் தனி பிஇசி போட்டுக்கொண்டேன்.

அந்தக் கொறங்காட்டில் அன்றைய முதல் பறப்பில், கைரோ அணைந்திருந்தபோது ஒவ்வொரு வீச்சுக்கும் இறக்கை எகிறியது, என் கட்டைவிரல் ஓயவில்லை. ஸ்விட்சைத் தட்டினேன். விமானம் மேலும் கீழும் தூக்கி எறியப்பட்டது, அதைக் கைரோ தடுக்காது. ஆனால் இறக்கை மட்டமாகவே இருந்தது. சற்றுப் பெரிய விமானத்தை ஓட்டுவது போன்ற நிதானம் கைக்கு வந்தது. பத்து நிமிடத்துக்குப் பிறகு மரங்களுக்கு நடுவில் இருந்த சிறு வெட்டவெளியில், காற்றுக்கு எதிரே, என் காலடியிலிருந்து எட்டு அடி தள்ளி இறங்கியது.

இந்த விலைக்குத் தயங்காமல் வாங்கலாம், முதலில் விமானத்தைச் செம்மையாக்கிவிட்டு. பெட்டியோடு வந்த கையேடு மட்டும் மிக மோசம். திசைச் சோதனைக்கு அதில் ஒரே ஒரு வரி. அடுத்த வாரம் கைரோவை என் வாலில்லாத டெல்டாவுக்கு மாற்றுகிறேன். அதில் எய்லரான், எலிவேட்டர் இரண்டின் வேலையையும் செய்யும் எலிவானுக்கான கலவையை ரேடியோவில் நீக்கிவிட்டுக் கைரோவிலேயே போட வேண்டும். இல்லாவிட்டால் எது உருளல், எது மூக்கசைவு என்று பிரித்தறிய அதற்கு வழியிருக்காது. இறக்கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகச் சாய்த்து, எலிவான் எங்கே போகிறது என்று இப்போதே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.