பழைய டெஸ்க்டாப்பில் ஒரு புதிய எஸ்எஸ்டி

இன்டெல் கோர் ஐ3 இரண்டாம் தலைமுறைச் சிப், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். 2012 வாக்கில் கடையில் சொல்லி அசெம்பிள் செய்த கணினி என்றால் பெரும்பாலும் இந்தக் கூட்டணிதான். மதுரையில் அக்கா வீட்டில் இருப்பதும் இதுவே. ஐகானைத் தட்டினால் வெகுநேரம் ஒன்றும் திறக்காது; கேபினட்டின் முகப்பில் அந்தச் சிவப்பு விளக்கு மட்டும் அணையாமல் எரியும். “புதுசா ஒண்ணு வாங்கிரலாமா மாப்ள?” என்றார் மாமா. “இதுவே இன்னும் சில வருஷம் ஓடும் மாமா, டிஸ்க்கை மட்டும் மாத்துவோம்” என்றேன். குரூஷியல் பிஎக்ஸ்500 எஸ்எஸ்டி, 480 ஜிபி கொள்ளளவில் ஒன்று வாங்கி மாட்டினோம். பழைய கணினிக்கு இதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை என்பது என் உறுதியான முடிவு.

அந்தச் சிவப்பு விளக்கு, டிஸ்க் வேலை செய்வதைக் காட்டுவது. அது ஓயாமல் எரிகிறது என்றால் புராசஸர் சும்மா இருக்கிறது, டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். ஹார்டு டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட். வேண்டிய தகவல் ஊசிமுனைக்குக் கீழே வர சராசரியாகப் பாதிச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் ஊசியைத் தாங்கிய கை சரியான வளையத்துக்கு நகர வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரு தேடலுக்குப் பன்னிரண்டு மில்லிசெகண்டுக்கு மேல். ஆக, அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை நொடிக்கு நூறுகூட எடுக்க முடியாது. கணினி எழும்பும்போது தேவைப்படுபவையோ ஆயிரக்கணக்கில். எஸ்எஸ்டியில் சுற்றுவதும் நகர்வதும் கிடையாது. ஒரு தேடல் பத்தில் ஒரு மில்லிசெகண்ட் அளவில் முடிந்துவிடுகிறது.

இதனால்தான் “பழைய போர்டில் எஸ்எஸ்டி போட்டு என்ன பயன், முழு வேகம் வராதே” என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. எச்61 சிப்செட்டில் இருப்பது சாட்டா 2, நொடிக்கு 3 கிகாபிட். டிரைவின் பெட்டியில் 540 எம்பி என்று போட்டிருக்கும். இந்தப் போர்டில் அதில் பாதிதான் வரும். பெரிய சினிமாக் கோப்பை நகலெடுக்கும்போது மட்டும் அந்தப் பாதி தெரியும். அன்றாட வேலையில் நாம் உணர்வது தேடல் நேரத்தை. அதைச் சாட்டா 2 ஒன்றும் கெடுத்துவிடுவதில்லை.

பிஎக்ஸ்500 எளிய டிரைவ். தனக்கென்று டிராம் கிடையாது. தொடர்ந்து பல ஜிபி எழுதினால் இந்த வகை டிரைவ்கள் நடுவில் வேகம் குறையும். 480 ஜிபி மாடலுக்கு 3 ஆண்டு வாரண்டி, 120 டெராபைட் எழுதும் அளவுக்கு உத்தரவாதம். தினமும் 20 ஜிபி எழுதினாலும் அந்தக் கணக்கு முடியப் பதினாறு ஆண்டுக்கு மேல் ஆகும். சாம்சங் 870 ஈவோவில் டிராம் உண்டு, 5 ஆண்டு வாரண்டி உண்டு, 500 ஜிபிக்கு 300 டெராபைட் உத்தரவாதம். வீடியோ எடிட்டிங் செய்பவர் அதை வாங்கலாம். கடிதம், படம், பேங்க் வேலை என்றிருக்கும் வீட்டுக்கு முதலாவதே போதும்.

ஸ்க்ரூடிரைவரைத் தொடுமுன் பழைய டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் ஸ்மார்ட் குறிப்புகளைப் படித்துச் சொல்லும். 5-ஆம் எண் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், 197-ஆம் எண் படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்கள். அக்கா வீட்டு டிஸ்க்கில் 197 சுழியத்தைத் தாண்டியிருந்தது. அப்படியென்றால் வேறெதையும் செய்யாமல் முதலில் படங்களையும் ஆவணங்களையும் வெளியே நகலெடுக்க வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்யும் வீடுகளுக்கு இங்கே ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. மாமா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். பல ஆண்டுக் கட்டுரைகளும் கடிதங்களும் பாமினி எழுத்துருவில் இருந்தன. யூனிகோடுக்கு முந்தைய இத்தகைய எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துக்கான குறியீடுகளே. எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் தருகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். டாகுமெண்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் நகலெடுத்துப் பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போட்டவர்களுக்கு நேரும் இழப்பு இது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்தக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றியும் ஒரு பிரதி வையுங்கள்.

மாட்டுவது எளிது. பிளக்கைப் பிடுங்கி, பக்கத் தகட்டைக் கழற்றி, தூசியைத் தட்டிவிட்டு, கேபினட்டின் வெறும் உலோகத்தைக் கையால் ஒருமுறை தொட்டுவிட்டு ஆரம்பிக்கலாம். எஸ்எஸ்டி 2.5 அங்குலம், கேபினட்டில் உள்ள இடம் 3.5 அங்குலம், நடுவில் ஒரு பிராக்கெட் வேண்டும். பழைய ஹார்டு டிஸ்க்கின் ஸ்க்ரூ இதற்கு ஆகாது. அது பருமன், மரையும் வேறு; எஸ்எஸ்டிக்கு எம்3 ஸ்க்ரூ. வலிந்து திருகினால் மரை போய்விடும். டேட்டா கேபிள் பழையது தளர்ந்திருந்தால், கிளிப் வைத்த புதியது ஒன்று போடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா பவர் முனை மிச்சம் இல்லையே என்று, வார்ப்புப் பிளாஸ்டிக்கில் செய்த மலிவு மோலெக்ஸ் மாற்றியை மாட்டாதீர்கள். அந்த வகை உள்ளே ஷார்ட் ஆகித் தீய்ந்துபோன நிகழ்வுகள் நிறைய.

பயாஸில் சாட்டா மோடு ஐடிஇ-யில் இருந்தால் ஏஎச்சிஐ-க்கு மாற்ற வேண்டும். புதிதாக இயங்குதளம் போடுவதற்கு முன்பே மாற்றுங்கள்; விண்டோஸ் 7 போட்டபிறகு மாற்றினால் நீலத்திரையில் நின்றுவிடும். பலர் கவனிக்காத ஒன்று: இத்தனை ஆண்டில் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். கரண்ட் போய் வந்தால் பயாஸ் தன் ஆரம்ப நிலைக்குத் திரும்பும், மோடும் மாறிவிடும், “புது டிரைவ் போயிருச்சு” என்று வீட்டில் பதறுவார்கள். டிரைவ் வாங்கும்போதே அந்த நாணய பேட்டரியையும் வாங்கி மாற்றிவிடுங்கள்.

அப்படியே குளோன் செய்யலாமா என்றால், 500 ஜிபி டிஸ்க்கை 480 ஜிபி டிரைவுக்கு நேரடியாக மாற்ற குளோன்ஜில்லா சம்மதிக்காது. பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டும். மோசமாகிவரும் டிஸ்க்கில் அந்த வேலை ஆபத்து. புதிதாகப் போடுவதே சரி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தப் புராசஸரை அதிகாரப்பூர்வமாக ஏற்காது. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டேன். அதில் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகையும் பழைய டைப்ரைட்டர் முறையும் கிடைக்கின்றன. டைப்ரைட்டரில் பழகிய மாமாவின் விரல்கள் எதையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. பாமினி எழுத்துரு லிப்ரே ஆபீஸில் சரியாகத் தெரிகிறது.

இப்போது அரை நிமிடத்துக்குள் கணினி எழும்புகிறது. தட்டிய ஐகான் உடனே திறக்கிறது. ஆனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப் திறந்தால் 4 ஜிபி ராம் திணறுகிறது. யூடியூப் இன்று அனுப்பும் விபி9, ஏவி1 வீடியோக்களைப் பிரிக்கும் வசதி இந்தப் புராசஸரின் கிராபிக்ஸில் இல்லாததால் முழுச்சுமையும் புராசஸர் மேல் விழுகிறது. தரத்தை 720-க்குக் குறைத்துப் பார்க்க வேண்டியதுதான். அடுத்து ராமுக்குச் செலவு செய்யலாம். இந்தச் சிப்செட் 16 ஜிபி வரை ஏற்கும்.

எஸ்எஸ்டி வந்தது என்று பேக்கப்பை விட்டுவிடக் கூடாது. ஹார்டு டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் டிக் டிக்கென்று முன்னறிவிப்புத் தரும். எஸ்எஸ்டி சொல்லாமல் நின்றுபோகும், அதிலிருந்து தகவலை மீட்பதும் கடினம். கரண்ட் இல்லாமல் பீரோவில் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கவும் அது ஏற்றதல்ல. குடும்பப் படங்களுக்கு வெளியில் தனி டிரைவ் வேண்டும். 197-ஆம் எண் சுழியத்தைத் தாண்டிய பழைய டிஸ்க்கை அதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

உங்கள் கணினி பென்டியம் 4 காலத்தது, அகலமான ரிப்பன் கேபிள் மட்டுமே உண்டு என்றால் இந்தச் செலவு வேண்டாம். ஐடிஇ, சாட்டா இரண்டையும் ஏற்கும் யுஎஸ்பி அடாப்டர் ஒன்றை வாங்கி, டிஸ்க்கில் இருப்பதை இன்னொரு கணினிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். 3.5 அங்குல டிஸ்க் ஓட 12 வோல்ட் தேவை, யுஎஸ்பி அதைத் தராது. தனி பவர் அடாப்டர் சேர்த்துக் கொடுக்கிறார்களா என்று கடையிலேயே பெட்டியைத் திறந்து பாருங்கள்.