எச்சமும் முற்றும்: ‘கரோசல்’ இசைநாடகப் பாடல் ஒன்று

இசைநாடகத்தில் தலைமக்கள் முதன்முதல் எதிர்ப்படும் காட்சியிலேயே காதற்பாட்டு ஒன்று வேண்டும் என்பது அவையோர் எதிர்பார்ப்பு. ஆயின் கண்டவுடன் காதலை வெளிப்படையாகப் பாடுதல் நம்பத்தக்கதாய் அமைவதில்லை. இவ்விடர்ப்பாட்டை அமெரிக்கப் பாடலாசிரியர் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் கடந்த முறை ஆராயத்தக்கது. 1927-இல் அரங்கேறிய ‘ஷோ போட்’டில் காதலர், காதலிப்பதாகப் பாவித்துப் பாடுகின்றனர். 1943-இல் வந்த ‘ஓக்லஹோமா’வில், ஊரார் ஐயுறாதிருக்க இன்னின்ன செய்யற்க என ஒருவரையொருவர் விலக்குகின்றனர். இவ்விரண்டும் நயமான உத்திகள். கதை வளர்ந்ததும் அவற்றின் வேலை முடிந்துவிடுகின்றது.

1945 ஏப்ரல் 19-இல் நியூயார்க் மெஜஸ்டிக் அரங்கில் அரங்கேறிய ‘கரோசல்’ இவற்றின் வேறுபட்டது. அங்கேரிய நாடகாசிரியர் மோல்னாரின் ‘லிலியோம்’ (1909) இதன் மூலம். இசை அமைத்தவர் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ். குடைராட்டினத்திற்கு ஆள் அழைக்கும் பில்லியும் ஆலைத் தொழிலாளியான ஜூலியும் அன்றிரவே வேலையிழந்து, ஒரு பலகையில் அமர்ந்து உரையாடுகின்றனர். பேச்சும் பாட்டும் இடையறாது ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கின்றன. அங்கே எழுவதே ‘இஃப் ஐ லவ்ட் யூ’ என்னும் பாடல்.

தான் காதலித்தால் என்ன நிகழும் என்று முதலில் ஜூலி பாடுகிறாள்: சொல்ல முயன்றும் சொல் வாராது, வாய்த்த பொழுதுகள் கழியும், அவன் அறியாமலே நீங்கிவிடுவான். பின்னர்ப் பில்லியும் அதனையே பாடுகிறான். மேலோட்டமாக நோக்குவார்க்கு இது நாணத்தின் மறைப்பு. நாடகம் முழுவதையும் நோக்கின், இது வருவது உரைத்தல் என்பது விளங்கும். இருவரும் மணந்து வாழ்ந்தும் காதலைச் சொல்லாமலே இருக்கின்றனர். கொள்ளை முயற்சி தவறிப் பில்லி தன் கத்தியாலேயே மடிகிறான். அவன் இறந்த பின்னரே ஜூலி அவனிடம் வாய்திறந்து சொல்கிறாள்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து ஒருநாள் மீண்டுவரும் பில்லி, அதே மெட்டில் மீண்டும் பாடுகிறான். இங்கே நுட்பமான மாற்றம் ஒன்று நிகழ்கிறது. முதற்பாட்டு ‘காதலித்தால்’ என்னும் பொருளில் தொடங்கி அதிலேயே முடிந்தது. இப்பாட்டு ‘காதலித்தேன்’ என்னும் பொருளில் முடிகிறது. ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் வினைவடிவம் ஒன்றே. நிபந்தனைச் சொல் ஒன்று உதிர்ந்தால் போதும், கற்பனை மெய்யாகிவிடும். தமிழில் விகுதியே மாற வேண்டும்: எச்சம் முற்றாதல் வேண்டும். ஆதலின் இப்பாடலை மொழிபெயர்ப்போர் இழக்கக் கூடாதது சொல்லழகன்று, இம்மாற்றமே என்க.

இனி ஒரு தடை எழும். பில்லி மனைவியை அடித்தவன். அடித்தும் நோகாதிருக்கலாம் என்று மகளிடம் ஜூலி கூறுவதாகவும் நாடகம் அமைகிறது. பாடலின் இனிமை இக்கொடுமையை மறைக்கின்றதன்றோ எனின், அன்று. ஜூலியின் அக்கூற்று நாடகத்தின் குறையே. எந்த மெட்டும் அதனைப் போக்காது. ஆயின் இப்பாடல் அவனுக்காகப் பரிந்து பேசவில்லை. சொல்ல வேண்டிய காலத்தில் சொல்லாது கைந்நீட்டியவனுக்கு, சொல் வந்தபோது வாழ்வு இல்லை என்று காட்டுகிறது. முன்னைய நாடகங்களில் இடர்ப்பாட்டைக் கடக்கும் வழியாய் நின்ற நிபந்தனை, இங்கே துன்பியலின் கருவாகிவிட்டது. ‘கரோசல்’ பாடலின் சிறப்பு இதுவே எனலாம்.