சட்டமும் தீர்மானமும்: ‘ஏதென்ஸின் அரசியலமைப்பு’ – ஒரு மதிப்பீடு

அரிஸ்டாட்டிலும் அவருடைய மாணாக்கரும் 158 அரசுகளின் அமைப்புமுறைகளைத் தொகுத்தனர் என்பர். அவற்றுள் ‘ஏதென்ஸின் அரசியலமைப்பு’ ஒன்றே ஏறக்குறைய முழுமையாக நமக்குக் கிடைத்துள்ளது. எகிப்தில், பண்ணைக் கணக்கு எழுதப்பட்ட பாப்பிரஸ் சுருள்களின் பின்புறத்தில் காணப்பட்ட இதனைக் கென்யன் 1891-இல் பதிப்பித்தார். அரிஸ்டாட்டிலே எழுதினாரா, மாணாக்கர் ஒருவர் எழுதினாரா என்னும் வினா இன்னும் முடிவுறவில்லை.

எவர் எழுதியிருப்பினும், விவரம் திரட்டுவதில் அவர் வல்லவர். 69 அதிகாரங்களுள் முதல் 41 வரலாறு கூறுவன. எஞ்சியவை ஆசிரியர் காலத்து ஆட்சிமுறையை விளக்குவன. 500 பேர் கொண்ட ஆலோசனை மன்றம் சீட்டுப்போட்டுத் தெரிந்தெடுக்கப்பட்டது, எக்லேசியா என்னும் மக்கள் பேரவை ஆண்டின் பத்துப் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் நான்குமுறை கூடியது, வழக்குமன்றத்தின் நீர்க்கடிகாரம், வாக்களிக்கும் வெண்கல வில்லையின் அச்சுத் துளை ஈறாக அனைத்தும் இதில் உண்டு.

ஆயினும் பெருங்குறை ஒன்றுண்டு. சட்டம் எவ்வாறு இயற்றப்பட்டது என்பதை இந்நூல் விளக்கவில்லை. தகாத சட்டத்தைக் கொணர்ந்தவர்மீது தொடுக்கப்படும் வழக்கைப் பெயரளவில் குறிப்பிட்டு அப்பாற் செல்கின்றது.

கி.மு. 403-இல் குடியாட்சியை மீண்டும் நிறுவிய ஏதென்ஸ் மக்கள், நிலையான சட்டத்தையும் பேரவையின் தீர்மானத்தையும் வேறுபடுத்தினர். எத்தீர்மானமும் சட்டத்தை மேற்கொள்ளலாகாது என விதித்தனர். புதிய சட்டம் வேண்டுமெனில் அதன் வாசகத்தை யாவரும் காணப் பொதுவிடத்தில் வைத்தல் வேண்டும். பழைய சட்டத்தின் சார்பில் பேசுவோரைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். நடுவராக ஆணையிட்டோரிடையே அமைந்த குழுவே முடிவு கூறும். இவற்றை நாம் அறிவது, திமொகிரத்தீஸ் என்பவருக்கு எதிராக டெமாஸ்தனீஸ் எழுதிய வழக்குரையினாலேயாம்.

இக்கட்டுப்பாட்டின் தேவையைக் கி.மு. 406-ஆம் ஆண்டு நிகழ்ச்சி காட்டுகின்றது. ஆர்கினூசே கடற்போரில் வென்ற தளபதிகள், புயலில் தத்தளித்த தம் வீரரை மீட்கத் தவறினர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டனர். பேரவை எண்மரையும் ஒரே வாக்கெடுப்பில் தண்டித்தது; அறுவர் கொல்லப்பட்டனர். அம்முறை சட்டத்திற்கு மாறானது என அன்று மன்றத் தலைமைக்குழுவில் இருந்த சாக்ரட்டீஸ் மறுத்து நின்றார். பின்னர் மக்கள் தம் செயலுக்காக வருந்தினர் என்கிறார் செனபோன். நம் ஆசிரியரோ பதின்மரும் தண்டிக்கப்பட்டதாகப் பிழைபட எழுதுகின்றார். சாக்ரட்டீஸைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மக்கள் தீர்மானங்களாலும் வழக்குமன்றங்களாலும் யாவற்றையும் தம் கைக்குள் கொண்டனர் என்பது 41-ஆம் அதிகாரத்தின் தீர்ப்பு. தம் கைகளுக்குத் தாமே இட்ட கட்டினை விட்டுவிட்டு அம்மக்களை மதிப்பிடுவது நேர்மையாகாது. நூலின் விவரங்களை நம்பிப் பயிலலாம். தீர்ப்பை அவ்வாறு ஏற்றல் இயலாது.

திருச்சபையைக் குறிக்கும் எக்லேசியா என்னும் சொல்லை அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரம் எபேசு நகரத்தாரின் கூட்டத்திற்கும் வழங்குகின்றது. 32-ஆம் வசனத்தில் அது கூச்சலிடும் கூட்டம். 39-ஆம் வசனத்தில் சட்டப்படி கூடும் பேரவை. ஏதென்ஸ் மக்கள் பெருவிலை கொடுத்துக் கற்றது இவ்வேறுபாட்டையே. சபைக் கூட்டங்களில் தலைமை தாங்கும் நாம் இதனை மறவாதிருத்தல் நன்று.