பயனர் என்பவன்

லேடிபேர்ட் என்றொரு புதிய உலாவி உருவாகிவருகிறது. புதிது என்று சொல்லி நம்மிடம் வரும் உலாவிகளில் பல, உள்ளுக்குள் பழையவைதாம். எட்ஜ், ஓபரா, பிரேவ், விவால்டி எல்லாமே கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியம் என்ற ஒரே மாவில் சுட்டவை. ஆப்பிளின் வெப்கிட்டையும் மொசில்லாவின் கெக்கோவையும் விட்டால் சொல்லிக்கொள்ளும்படி வேறொன்றும் இல்லை. லேடிபேர்ட் இவற்றில் எதையும் கடன் வாங்காமல் முதல் வரியிலிருந்து எழுதப்படுகிறது.

இதைத் தொடங்கியவர் ஆந்திரேயாஸ் கிளிங் என்ற சுவீடன்காரர். ஆப்பிள் நிறுவனத்தில் சஃபாரி உலாவிக்காக வேலை பார்த்தவர். போதைப் பழக்கத்துக்கான சிகிச்சை முடிந்தபின், கையில் மிஞ்சிக்கிடந்த நாள்களை நிரப்புவதற்காக 2018இல் செரினிட்டி ஓஎஸ் என்ற இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார். அதற்குள் பிறந்த சின்ன உலாவி வளர்ந்து, 2024இல் இலாபநோக்கற்ற ஓர் அமைப்பின்கீழ் தனியாக நின்றது. பயனரை வைத்துப் பணம் பண்ண மாட்டோம் என்பது அதன் வாக்குறுதி. எனக்கு இந்தக் கதை பிடித்திருக்கிறது. உடைந்துபோன ஒருவர் ஒன்றைச் செய்துசெய்தே தன்னை மீட்டுக்கொள்வது கவிதை எழுதுகிறவளுக்குத் தெரியாத சங்கதி அல்ல.

இதே கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. செரினிட்டியை நிறுவும் முறையைச் சொல்லும் குறிப்பில், பயனரைச் சுட்ட 'ஹி' என்ற ஆண்பால் சொல் இருந்தது. 2021இல் ஒருவர் அதைப் பொதுவான 'தே' என்று மாற்றித் திருத்தம் அனுப்பினார். சொந்த அரசியலை விளம்பரப்படுத்த இது இடமில்லை என்ற பொருளில் பதில் சொல்லி, கிளிங் அதை மறுத்துவிட்டார். 2024இல் உலாவி பெயர்பெற்றபோது இந்த மறுப்பு மறுபடி பேச்சாயிற்று.

ஒரு சொல்லுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு சொல்தானே, மாற்றியிருக்கலாமே என்பதுதான் என் கேள்வி. 'அவன்' என்று எழுதியபோது அது அரசியலாகத் தெரியவில்லை. அதை மாற்றக் கேட்டதும் அரசியலாகிவிட்டது. ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவருக்கு நாற்காலி கண்ணில் படுவதில்லை. தள்ளி உட்காரச் சொல்லும்போதுதான் படுகிறது. வீட்டில், கல்லூரியில், இலக்கியக் கூட்டத்தில் நாம் தினமும் பார்க்கும் தருக்கம்தான் இது.

தமிழில் இந்தச் சிக்கல் இல்லை என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். 'பயனர்' என்றும் 'அவர்' என்றும் எழுதிவிட்டால் பால் மறைந்துவிடும். பலர்பால் ஈறு மரியாதைக்கு வந்து, நமக்கு ஒரு பொதுச்சொல்லையும் தந்துவிட்டது. ஆனால் 'கவிஞர்' என்ற சொல்லும் அப்படிப்பட்டதுதானே? அதில் எனக்கு இடமிருந்தால், மேடையில் என்னை ஏன் 'பெண் கவிஞர்' என்று அறிமுகப்படுத்த வேண்டும்? 'ர்' விகுதி பாலை மறைக்கிறது. மனத்தில் எழும் உருவத்தை அது மாற்றுவதில்லை. ஆகவே சொல்லைத் திருத்தினால் வேலை முடிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லைக்கூடத் திருத்தாதவர்கள் உருவத்தை எப்போது திருத்தப் போகிறார்கள் என்றுதான் கேட்கிறேன்.

அந்த உருவம் குறிப்போடு நிற்பதில்லை, செயலிக்குள்ளும் போகிறது. ஆப்பிள் 2014இல் தன் ஹெல்த் செயலியை வெளியிட்டது. நடந்த அடிகளை எண்ணலாம், உணவில் சேர்ந்த சோடியத்தைக்கூடக் குறித்துவைக்கலாம். மாதவிலக்கைக் குறிக்க மட்டும் இடமில்லை. அது வர அடுத்த ஆண்டு ஆயிற்று. யாரும் வன்மத்தோடு விட்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. உடம்பு என்றதும் அவர்கள் மனத்தில் எழுந்த உடம்புக்கு மாதவிலக்கு இல்லை, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் உலாவியின் வரலாறு 'அவன்' மட்டும் எழுதியதல்ல. 1990இல் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் உலாவி நெக்ஸ்ட் என்ற கணினியில் மட்டுமே ஓடியது. அதை வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். அந்த ஆண்டு செர்ன் ஆய்வகத்துக்குப் பயிற்சிக்கு வந்த கணித மாணவி நிக்கோலா பெல்லோ, சாதாரணக் கணினிகளிலும் ஓடக்கூடிய, எழுத்தை மட்டும் காட்டும் உலாவியை எழுதினார். வலையை ஒரு சிலரின் மேசையிலிருந்து இறக்கி ஊருக்குக் கொடுத்தது அந்த எளிய உலாவி. பெர்னர்ஸ்-லீயின் பெயரைப் பாடப்புத்தகத்தில் படிக்கிற நம் மாணவிகளில் எத்தனை பேருக்குப் பெல்லோவைத் தெரியும்?

இன்னொரு சொல்லையும் பார்க்க வேண்டும்: பொழுதுபோக்கு. லினக்ஸும் 1991இல் ஒரு மாணவரின் பொழுதுபோக்காகத்தான் அறிமுகமானது. பொழுதைப் போக்க முதலில் பொழுது வேண்டும். இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் கொடுக்கிறாள். அதில் ஈடுபடும் ஆண் கொடுப்பது 97 நிமிடம். ஈடுபடாத ஆண்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். இரவு உணவுக்குப் பிறகு ஒருவர் கணினியைத் திறந்து ஆசைக்கு நிரல் எழுதுகிறார் என்றால், அந்தத் தட்டுகளைக் கழுவுவது யார் என்பதும் உலாவியின் வரலாற்றில் சேரும். கிளிங்குக்குக் கிடைத்த ஓய்வைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அது அவருக்கு மருந்தாக இருந்தது. அந்த மருந்து நமக்கும் வேண்டும் என்கிறேன்.

திறந்த மூலநிரலில் ஒரு நல்ல குணம் உண்டு. யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். மறுக்கப்பட்டாலும் அந்தத் திருத்தம் பதிவில் நிற்கும். மூன்று ஆண்டு கழித்து அது மறுபடி பேசப்பட்டது அதனால்தான். நிரல் எழுதத் தெரியாத எனக்கும் அந்தக் குறிப்பில் ஒரு வேலை இருக்கிறது. இலக்கண வகுப்பில் வினையைக் காட்டி எழுவாயைக் கேட்போம் இல்லையா, அதே வேலைதான். கையிலிருக்கும் ஒவ்வொரு செயலியிலும் 'பயனர்' என்ற எழுவாய்க்குள் யாரை உட்காரவைத்திருக்கிறார்கள் என்று மாணவிகள் கேட்கப் பழக வேண்டும். லேடிபேர்ட் வந்ததும் நானும் நிறுவிப் பார்ப்பேன். அப்போது அதன் குறிப்பை முதல் வரியிலிருந்து படிப்பேன்.