சைக்கிளில் எட்டிய 617

வட அமெரிக்கப் பறவை நோக்கர்களிடம் 'பிக் இயர்' என்றொரு போட்டி உண்டு. ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை எத்தனை பறவை இனங்களைக் கண்ணால் பார்த்தோ குரலால் அறிந்தோ பட்டியலில் சேர்க்கிறோம் என்பதே ஆட்டம். 1998-இல் சாண்டி கோமிட்டோ வைத்த 748 என்ற எண்ணிக்கை 15 ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2013-இல் நீல் ஹேவர்டு 749 இனங்களோடு அதை ஒன்றே ஒன்றால் முந்தினார். அதற்கு அடுத்த ஆண்டு, நரம்பியல் ஆய்வுப் பணியை விட்டுவிட்டு வந்த டோரியன் ஆண்டர்சன், பெட்ரோலில் ஓடும் எதையும் தொடாமல், சைக்கிளிலும் கால்நடையாகவும் 28 மாநிலங்களைச் சுற்றி 617 இனங்களைச் சேர்த்தார். பட்டியலை மேலிருந்து கீழாகப் படிப்பவருக்கு 617 எங்கோ கீழே கிடக்கும். ஆனால் பறவையை அறிந்தவர் யார் என்பதுதான் இந்தப் போட்டியின் கேள்வி என்றால், அந்த ஆண்டுகளின் எண்களில் முதலில் படிக்கவேண்டியது 617 என்பது என் வாதம்.

கணக்கைப் பார்ப்போம். ஹேவர்டு அந்த ஓராண்டில் விமானத்தில் ஏறத்தாழ 3,10,000 கிலோமீட்டரும், காரில் 83,000 கிலோமீட்டரும் பயணம் செய்தார். ஆண்டர்சன் சைக்கிளில் மிதித்தது 28,700 கிலோமீட்டர்; சராசரியாக நாளுக்கு 78. ஒருவர் கடந்த தூரம் மற்றவருடையதைப்போல் பதின்மூன்று மடங்குக்கு மேல். கிடைத்த இனங்களிலோ வித்தியாசம் 132 மட்டும். அதாவது ஹேவர்டின் எண்ணிக்கையில் நூற்றுக்கு எண்பத்திரண்டு பங்கை ஆண்டர்சனின் கால்களே எட்டிவிட்டன. மிச்சமுள்ள ஒவ்வோர் இனத்துக்கும் கூடுதலாகச் செலவான தூரம் சராசரியாக 2,700 கிலோமீட்டருக்கும் மேல். இருவரும் ஆடிய ஆண்டு வேறு. ஹேவர்டின் எல்லைக்குள் அலாஸ்காவும் கனடாவும் அடங்கும். அதனால் இதைத் துல்லியமான ஒப்பீடாகக் கொள்ள முடியாது. ஆனாலும் தூரம் இவ்வளவு பெருகும்போது பட்டியல் எவ்வளவு மெதுவாக நீள்கிறது என்பது இதில் தெளிவாகவே தெரிகிறது.

அந்தக் கடைசிப் பங்கில் இருக்கும் பறவைகள் பெரும்பாலும் மூன்று வகை. அலாஸ்காவின் தொலைதூரத் தீவுகளுக்குப் பறந்து போனால் மட்டும் கிடைப்பவை. விசைப்படகில் நடுக்கடலுக்குப் போனால் மட்டும் தெரிபவை. ஆசியாவிலிருந்தோ மெக்சிகோவிலிருந்தோ வழிதவறி ஏதோ ஓர் ஊரில் சில நாள் தங்கிப் போகிறவை. கோமிட்டோவின் எண்ணிக்கை அவ்வளவு காலம் நின்றதற்கு அவருடைய விடாமுயற்சி ஒரு காரணம். வலுவான எல் நினோ நிலவிய அந்த ஆண்டில் புயல்காற்றுகள் ஆசியப் பறவைகளை அலாஸ்காவின் அட்டு தீவில் கொண்டுவந்து இறக்கியதும் ஒரு காரணம். மோட்டார் வாகனங்களில் சுற்றும் ஆண்டில் மேல்மட்டத்தைத் தீர்மானிப்பது செய்தி வந்ததும் கிளம்பும் வேகம். பறவையை முதலில் கண்டுபிடித்தவர் வேறொருவர். போட்டியாளர் அங்கே போய்ச் சேர்கிறார். அதற்கும் உழைப்பு வேண்டும், குலையாத மனம் வேண்டும். ஆனால் அது பறவை அறிவைக் காட்டிலும் பயணத் திறமையைத்தான் சோதிக்கிறது.

சைக்கிளில் வருகிறவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஓர் அரிய பறவை வந்திருப்பதாகத் தகவல் கிடைத்தால் அவர் போய்ச் சேர நான்கு நாள் ஆகும்; அதற்குள் அது கிளம்பியிருக்கலாம்; திரும்பிவர இன்னொரு நான்கு நாள். ஆகவே பறவை வருமுன்பே அது வரப்போகும் இடத்தில் அவர் இருந்தாகவேண்டும். ஏப்ரல் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூகடான் தீபகற்பத்திலிருந்து அந்தியில் கிளம்பி மெக்சிகோ வளைகுடாவைக் கடக்கும் வார்ப்ளர் முதலான சிறு பறவைகள் மறுநாள் டெக்சஸ் கரையை அடைகின்றன. தெற்குக் காற்று துணையிருந்தால் கரையில் நிற்காமல் உள்நாட்டுக்குப் போய்விடும். வடக்கிலிருந்து குளிர்காற்றும் மழையும் எதிர்ப்பட்டால் களைத்துப்போய், ஹை ஐலண்ட் போன்ற கரையோரத் தோப்புகளில் கொட்டினாற்போல் இறங்கும். அப்படி ஒரு நாள் வாய்த்தால் இருபதுக்கு மேற்பட்ட வார்ப்ளர் இனங்களே ஒரே தோப்பில் கிடைக்கக்கூடும். அதே ஏப்ரலில்தான் கொலராடோவின் புல்வெளிகளிலும் புதர்வெளிகளிலும் கிரவுஸ் என்னும் தரைப்பறவை இனங்கள் ஐந்து, விடியலில் திடல்களில் கூடி ஆடுகின்றன. அவற்றுள் கன்னிசன் சேஜ் கிரவுஸ் கொலராடோவையும் யூட்டாவையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. ஆட்டம் முடிந்து கலைந்துவிட்டால் புதருக்குள் அவற்றைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. கார்க்காரர் இரண்டு நாள் ஓட்டி இரண்டையும் பார்ப்பார். சைக்கிள்காரருக்கு இந்த இரண்டுக்கும் நடுவே மூன்று வாரப் பயணம் கிடக்கிறது. ஒன்றை விடவேண்டும். எண்ணிக்கைப்படி டெக்சஸ்தான் சரியான தேர்வு. கிரவுஸ்களைப் பிறகு உழைத்துத் தேடலாம், வளைகுடா கடந்து வரும் கூட்டத்தைப் பிறகு தேட முடியாது. எந்தப் பறவை காத்திருக்கும், எது காத்திருக்காது என்று தெரிந்து வழியை வகுப்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். 617-க்குள் இப்படிப்பட்ட முடிவுகள் வரிசையாக அடங்கியிருக்கின்றன.

ஓராண்டு வேலையை விட்டுவிட்டுச் சுற்ற எத்தனை பேரால் முடியும், இதுவும் வசதி படைத்தவர்களின் விளையாட்டுத்தானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கண்டம் முழுக்கச் சுற்றும் சைக்கிள் ஆண்டு எல்லாருக்கும் உரியதல்ல. ஆனால் இந்த விளையாட்டின் அடிப்படை வடிவம் கண்டம் அளவு பெரியதாக இருக்கவேண்டியதில்லை. 2008 வாக்கில் கனடாவின் கியூபெக்கில் ரிச்சர்ட் கிரெக்சன் முதலானோர் பரப்பிய முறையில் போட்டி வீட்டு வாசலிலிருந்தே தொடங்குகிறது. நடந்தோ மிதித்தோ போய்த் திரும்பும் தூரத்துக்குள் எத்தனை இனம் என்பதே அதன் கணக்கு. வேலைக்குப் போகிறவரும் பள்ளிப் பிள்ளையும் அதை ஆடலாம். பணத்தால் மட்டுமே எட்டக்கூடிய தூரம் அதில் இல்லவே இல்லை.

நடுவர் இல்லாத போட்டியில் ஒருவர் சொல்வதை நம்புவது எப்படி என்ற கேள்வி எல்லாப் பட்டியல்களுக்கும் பொது. சொல்லப்போனால் சைக்கிள் பட்டியலைச் சரிபார்ப்பது சுலபம். நேற்று இரவு தங்கிய ஊரிலிருந்து இன்று காலுக்கு எட்டாத இடத்தில் பறவை பார்த்ததாக எழுதினால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வலுவான மறுப்பு கடலைப் பற்றியது. அல்பட்ராஸையும் நடுக்கடலிலேயே வாழும் மற்றப் பறவைகளையும் விட்டுவிட்டு ஒருவர் எப்படி முழுப் பறவை நோக்கர் ஆவார்? இந்தக் குறையை நான் மறுக்கவில்லை. கடற்பறவைகளின் உலகம் பெரியது. கரையில் நிற்பவருக்கு அதன் விளிம்புதான் தெரியும். ஆனால் அந்த விளிம்பில் நின்று, கலிஃபோர்னியாவின் மான்டரே போன்ற முனைகளில் தொலைநோக்கி வழியே, அலைகளுக்கு மேல் கணநேரம் எழுந்து மறையும் ஷியர்வாட்டர் என்னும் கடற்பறவையை இறக்கை அடிக்கும் விதத்தை மட்டும் வைத்து இனம் பிரிப்பது, படகின் அருகில் வந்து மிதப்பதைப் பார்த்துச் சொல்வதைவிடக் கடினம். அதனால் பட்டியல் சுருங்கும் என்பது உண்மை. அதைக் கொண்டு திறமையும் குறைவு என்று முடிவுகட்டக் கூடாது. மாரத்தான் ஓடுகிறவரின் நேரத்தைக் கார் பந்தயத்தின் நேரத்துக்குக் கீழே எழுதிவைக்கிறவர் யாரும் இல்லை. பறவைப் பட்டியல்களில் மட்டும் ஏன் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்கவேண்டும்? எண்ணுக்குப் பக்கத்தில் தூரத்தையும் பயண முறையையும் அச்சிட்டால் போதும், வாசகரே எடைபோட்டுக்கொள்வார்.

சைக்கிள் பட்டியல்களைத் தம்முள் ஒப்பிட்டாலும் பயன் உண்டு. 2007 ஜூனில், 15 வயதான மால்கம் பூத்ராய்டு பெற்றோருடன் கனடாவின் யூகான் பகுதியிலுள்ள வைட்ஹார்ஸிலிருந்து சைக்கிளில் கிளம்பி, ஓராண்டில் சுமார் 21,000 கிலோமீட்டர் கடந்து 548 இனங்களைக் கண்டார். ஆண்டர்சன் 7,700 கிலோமீட்டர் கூடுதலாக மிதித்து 69 இனங்களைக் கூடுதலாகப் பெற்றார். கூடுதல் இனம் ஒவ்வொன்றுக்கும் 110 கிலோமீட்டர் சொச்சம். பூத்ராய்டு குடும்பம் கோடையில் வடக்கே தொடங்கியதால் வலசைப் பறவைகளோடு சேர்ந்தே தெற்கே இறங்க முடிந்தது. நாட்காட்டி ஆண்டைப் பின்பற்றிய ஆண்டர்சன் மாசசூசெட்ஸின் ஜனவரிக் குளிரில் தொடங்கினார். பார்வைக்கு அது தவறான தொடக்கம்போல் தெரியும். என் கணிப்பில் அதுவே அவர் எடுத்த சிறந்த முடிவு. வடகிழக்குக் கரைக்குக் குளிர்காலத்தில் மட்டும் வரும் வாத்துகளும், அந்த ஆண்டு வழக்கத்துக்கு மாறாகப் பெருங்கூட்டமாக இறங்கிய பனி ஆந்தைகளும் காத்திருக்காதவை. டெக்சஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கிலுள்ள கிரீன் ஜே போன்றவை அங்கேயே ஆண்டு முழுக்க இருப்பவை. 617-ஐத் தாண்ட நினைப்பவர் அவற்றை டிசம்பருக்கு ஒதுக்கி வைக்கலாம்.